கழுத்து அறுவைக்குப் பிறகு ஆறாத புண்: வேக் (VAC, மெஷினால் உறிஞ்சும்) டிரெஸ்ஸிங் போடலாமா?

கொரட்டூர் மகள்

வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். குரல்வளையில் புற்றுநோய். முதலில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், குறைந்தது. மறுபடி அதே இடத்தில் வந்ததால் இந்த முறை குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் மூச்சு விட நிரந்தரத் துளை இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பப் போகிற நேரத்தில் தையலுக்கு இடப்பக்கம் சிவந்து வீங்கி, பிறகு பிரிந்துகொண்டது. அதன் வழியாக எச்சில் வருகிறது. சாப்பாடு எல்லாம் மூக்கு டியூப்பில்தான்.

காலையில் காஸ் வைத்துக் கட்டுகிறார்கள். நான் கேன்டீன் போய்த் திரும்புவதற்குள் அது நனைந்து, ஈரம் மூச்சுத் துளைப் பக்கம் இறங்குகிறது. இருமிக்கொண்டே இருக்கிறார். டியூட்டி டாக்டர், "வேக் போட்டுப் பார்க்கலாம், சீக்கிரம் சதை வளரும்" என்றார். பெரிய டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் முடிவு செய்வார்களாம்.

இந்த வேக் என்ன செய்யும்? கழுத்தில் போடுவது சரியா? பெரிய டாக்டர் வந்ததும் நான் என்னென்ன கேட்க வேண்டும்? இந்த வார்டில் இதற்கு முன் கழுத்தில் போட்டவர்கள் யாரும் இல்லை, அதனால் பயமாக இருக்கிறது.

ராயபுரம் வாசி

பயப்படாதீங்கக்கா. என் தம்பிக்குப் போட்டார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி உரசி பைக்கோடு விழுந்தான். ஹெல்மெட் கழன்று போனதால் உச்சந்தலைத் தோல் பெரிய துண்டாகப் பெயர்ந்துவிட்டது. உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அந்தத் தோலை வைத்துத் தைத்தார்கள், பாதி கறுத்துப் போய்விட்டது. கறுத்ததை வெட்டி எடுத்துவிட்டு, எலும்பை மேலாக டிரில் வைத்துத் தேய்த்தார்கள். புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்ததும் அதன் மேல் கறுப்பு ஸ்பாஞ்ச் வைத்து ஒட்டி மெஷினை மாட்டினார்கள். ஒவ்வொரு தடவை ஸ்பாஞ்சைப் பிரிக்கும்போதும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து சிவப்புச் சதை ஏறியிருந்தது. அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இன்றைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான்.

தயங்காமல் போடச் சொல்லுங்கள்.

பல்லாவரம் தம்பி

எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் மாமாவுக்குக் காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி எடுத்த பிறகு ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் புண். ஒரு தனியார் மருத்துவமனையில் அதற்கும் வேக் மாட்டி, மெஷின் வாடகை, கேனிஸ்டர் (உறிஞ்சிய நீர் சேரும் டப்பா), ஸ்பாஞ்ச் செட் என்று பில் நீண்டுகொண்டே போனது. வேறொரு டாக்டரிடம் காட்டியபோது, "இதற்குச் சாதாரண டிரெஸ்ஸிங்கே போதுமே" என்றார். அதேபோல் சாதாரண டிரெஸ்ஸிங்கில்தான் ஆறியது. பணம் பிடுங்கத்தான் இதைப் போடுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

தலைகழுத்து சர்ஜன்

கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராயபுரம் நண்பர் சொன்னது தலை, கொரட்டூர் சகோதரி கேட்பது கழுத்து. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்தான் என்றாலும் வேக் விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல.

முதலில் இது வேலை செய்யும் விதம். புண்ணுக்குள் துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்சை வெட்டி வைக்கிறோம். அந்தத் துளைகள் 400 முதல் 600 மைக்ரான் அகலம். மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, ஒரு டியூப்பை வெளியே மெஷினில் இணைக்கிறோம். வழக்கமாக, வெளிக் காற்றழுத்தத்தைவிட 125 மில்லிமீட்டர் பாதரசம் குறைவாக உள்ளே வைக்கிறோம். ஸ்பாஞ்ச் சுருங்கும்போது புண்ணின் ஓரங்கள் உள்நோக்கி இழுக்கப்படுகின்றன. தேங்கும் நீர் வெளியேறுவதால் வீக்கம் குறைகிறது. ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் சதை நுண்ணளவில் இழுபடுகிறது. அந்த இழுவிசை செல்களைப் பெருகத் தூண்டி, புது ரத்தக் குழாய்களோடு சிவப்புச் சதை ஏறுகிறது. வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் (Wake Forest) பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரிக்வாஸ், ஆர்ஜென்டா ஆகிய இருவரும் பன்றிகளில் செய்த ஆய்வை 1997-ல் வெளியிட்டார்கள். தொடர்ந்து உறிஞ்சியபோது சதை வளர்ச்சி சாதாரணக் கட்டைவிட சுமார் 63 சதவீதமும், விட்டுவிட்டு உறிஞ்சியபோது சுமார் 103 சதவீதமும் அதிகம் என்று அதில் பதிவாகியிருக்கிறது. இன்று உலகம் முழுவதும் 125 என்ற எண் புழங்குவதற்கு அந்த ஆய்வுதான் காரணம்.

உச்சந்தலையில் இது நன்றாகப் பொருந்தும். அடியில் கெட்டியான எலும்பு இருக்கிறது, பெரிய ரத்தக் குழாய் எதுவும் ஸ்பாஞ்சுக்கு நேர் கீழே இல்லை, எச்சில் வராது. மேலுறை போன வெறும் எலும்பின் மேல் தோல் ஒட்டினால் பிடிக்காது. அதனால்தான் எலும்பின் மேலடுக்கைத் தேய்த்து, ரத்தம் கசியும் உள்ளடுக்கை எட்டி, அதன் மேல் வேக் போட்டுச் சதை வளர்க்கிறோம். ராயபுரம் நண்பரின் தம்பிக்குச் செய்தது சரியான வைத்தியம்.

கழுத்து வேறு. தோலுக்குக் கீழே ஒரு விரல் ஆழத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் காரோட்டிட் தமனியும் அதன் பக்கத்தில் பெரிய சிரையும் ஓடுகின்றன. உங்கள் அப்பாவுக்குக் கரண்ட் வைத்த கழுத்து. கதிர்வீச்சு பட்ட சதையில் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கிப்போயிருக்கும், பெரிய தமனியின் சுவரும் பலவீனப்பட்டிருக்கும். அதன் மேல் எச்சிலும் கிருமியும் சேர்ந்து ஊறினால் சுவர் அரிக்கும். இந்த நிலையில் வெறும் தமனியின் மேல் ஸ்பாஞ்சை வைத்து உறிஞ்சினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009-லும் மறுபடி 2011-லும் இதுபற்றி எச்சரிக்கை விட்டது. 2007 முதல் தங்களுக்கு வந்த புகார்களில் 12 மரணங்களும் 174 காயங்களும் இருந்தன என்றும், ரத்தப்போக்குதான் மிகக் கடுமையான சிக்கல் என்றும் அதில் சொன்னார்கள். ரத்தக் குழாயோ நரம்போ வெறுமையாகத் தெரியும் புண், புற்று மிச்சம் இருக்கும் புண், செத்த சதை அகற்றாத புண், வைத்தியம் செய்யாத எலும்புச் சீழ் ஆகியவற்றில் இதைப் போடக் கூடாது என்ற பட்டியலும் அதில் இருக்கிறது.

அதனால் பெரிய டாக்டர் வந்ததும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "காரோட்டிட் மேல் நல்ல சதை மூடியிருக்கிறதா? ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா?" என்பது. அடுத்து, "புண் ஓரத்தில் பயாப்சி (சதைத் துணுக்குப் பரிசோதனை) எடுத்தீர்களா, புற்று மிச்சம் இல்லை என்று தெரியுமா?" மூன்றாவதாக, தைராய்டு ரத்தப் பரிசோதனை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்கும் குரல்வளை எடுத்தவர்களுக்கும் தைராய்டு குறைவது சகஜம். குறைந்திருந்தால் எச்சில் ஒழுகும் ஓட்டை மூடத் தாமதமாகும், அதற்கான மாத்திரையோ விலை மலிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுத் துணியில் திடீரென்று கொஞ்சம் புது ரத்தம் வந்து தானாக நின்றால், "நின்றுவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். கரண்ட் வைத்த கழுத்தில் அது பெரிய ரத்தப்போக்குக்கு முன் வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். ராத்திரி எந்த நேரமானாலும் அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கொரட்டூர் மகள்

ரொம்ப நன்றி டாக்டர். தைராய்டு பார்த்ததாக ரிப்போர்ட்டில் எங்கும் இல்லை. இப்போதே சிஸ்டரிடம் சொல்கிறேன். அப்படியென்றால் கழுத்தில் வேக் போடவே கூடாதா?

தலைகழுத்து சர்ஜன்

அப்படி இல்லை. போடலாம், போடுகிறோம். தமனிக்கு மேல் தசை மூடியிருந்து, புற்று இல்லையென்று தெரிந்து, செத்த சதையைச் சுத்தமாக எடுத்த பிறகு எச்சில் புண்ணில்கூடப் போடலாம். அங்கே முக்கிய லாபம் என்னவென்றால், எச்சில் சதைக்குள் தேங்காமல் உடனுக்குடன் வெளியே போய்விடும். மூச்சுத் துளைக்குள் இறங்காது, தோல் வெந்து புண்ணாகாது. அழுத்தத்தை 125 வைக்காமல் 75 அல்லது 100 என்று குறைத்து வைப்போம். ஆழமான பக்கம் கறுப்பு ஸ்பாஞ்சுக்குப் பதிலாக அடர்த்தியான வெள்ளை ஸ்பாஞ்ச் வைப்போம், அதற்குள் சதை வளர்ந்து ஒட்டிக்கொள்ளாது. இடையில் ஒட்டாத வலைத்துணி ஒன்றும் விரிப்போம்.

ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: தலை, கழுத்துப் புண்களில் இதைப் பற்றி வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளைப் பற்றி எழுதிய தொகுப்புகள்தான். இரண்டு குழுக்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் குறைவு. அதனால், "போட்டால் நிச்சயம் மூடிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓட்டை பெரிதாக இருந்தால் எத்தனை வேக் மாற்றினாலும் மூடாது. வேறு இடத்திலிருந்து சதை கொண்டுவந்து வைக்கத்தான் வேண்டும்.

வார்டு சிஸ்டர்

டாக்டர் சொன்னதில் ஒன்றும் மாற்றுக் கருத்து இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நிறைய காலமாக இருக்கிறேன். மெஷின் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கழுத்தில் வேக் நிற்பதும் நிற்காததும் ஒட்டுகிற கையில் இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

கழுத்து ஓயாமல் அசையும். விழுங்கினால் அசையும், இருமினால் அசையும், தூக்கத்தில் தலை திரும்பினால் ஓரம் கிளம்பிவிடும். ஆண்களுக்கு ரெண்டு நாள் தாடி முளைத்தாலே தாள் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் புண்ணைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு ஷேவ் பண்ணி, சலைனால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தோலைக் காக்கும் திரவம் தடவி, அதுவும் காய்ந்த பிறகுதான் தாளை எடுப்பேன். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் மெஷின் கத்த ஆரம்பித்துவிடும். கத்திரி வெயில் காலத்தில் ஏசி இல்லாத வார்டில் வியர்வையே போதும், ஓரம் நழுவிவிடும். அப்போது ஃபேனுக்கு நேரே கட்டிலைப் போடச் சொல்வேன்.

பெரிய தாளை ஒரேயடியாகப் போர்த்தக் கூடாது. கழுத்தின் வளைவில் சுருக்கம் விழும், சுருக்கத்தின் வழியே காற்றுப் போகும். பட்டை பட்டையாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டுவேன். கழுத்தைச் சுற்றி முழு வளையமாக எப்போதும் ஒட்டுவதில்லை, வீக்கம் வந்தால் இறுக்கிவிடும். மூச்சுத் துளை ஓரத்திலும் காது மடிப்பிலும் ஸ்டோமா பேஸ்ட்டை ஒரு கோடு போலப் பிழிந்து, ஈர விரலால் தடவிச் சமன் செய்து, அதன் மேல் பட்டையை அழுத்துவேன். வயிற்றில் மலப்பை ஒட்டுகிறவர்களுக்கு வாங்கும் அதே பேஸ்ட்தான். அது இல்லாமல் மூச்சுத் துளை பக்கத்தில் காற்றை அடைக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. மூச்சுத் துளைக்கு மேலே தாளின் நுனிகூட வரக் கூடாது. ஒட்டி முடித்ததும் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

டியூப்பைக் கழுத்திலேயே வைக்காமல், ஒரு பட்டை ஸ்பாஞ்சால் மார்புக்கு இறக்கி அங்கே மாட்டினால் நோயாளி படுக்கும்போது டியூப் அழுத்திப் புதுப் புண் வராது. மார்புத் தோலில் நேராக ஸ்பாஞ்ச் படாமல் கீழே தாள் ஒட்டியிருக்க வேண்டும். தலைக் காயம் என்றால் பின்மண்டைக்கு அடியில் டியூப் போகவே கூடாது.

உள்ளே எத்தனை துண்டு ஸ்பாஞ்ச் வைத்தோம் என்று தாளின் மேலேயே மார்க்கரில் தேதியோடு எழுதுவேன். அடுத்த முறை வேறு ஷிப்ட் சிஸ்டர் பிரிப்பார், எண்ணி எடுக்க வேண்டுமே. ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் அதன் மேலே சதை மூடிக்கொண்டு சீழ் பிடித்துவிடும். அட்டெண்டராக இருக்கிறவர்களும் அந்த எண்ணைப் படித்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் ஸ்பாஞ்ச் சுருங்கி இறுகிவிடும். அப்படியே இறுகி இருந்தால் எல்லாம் சரி. உப்பிப் பழைய உயரத்துக்கு வந்தால் எங்கோ காற்றுப் போகிறது. காதைக் கிட்டே கொண்டுபோனால் 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும், அந்த இடத்தில் ஒரு சின்னப் பட்டை ஒட்டினால் போதும்.

வார்டு சிஸ்டர்

ஒன்றை எழுத விட்டுவிட்டேன், இதுதான் முக்கியம். டியூப்பில் வருவது எச்சில், மஞ்சள் நீர், இளஞ்சிவப்பு நீர் என்றால் பரவாயில்லை. பளிச்சென்ற சிவப்பு ரத்தம் ஓடினால் உடனே மெஷினை ஆஃப் பண்ணுங்கள். கட்டைப் பிய்க்காதீர்கள். கட்டின் மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். அப்பா பக்கத்தில் யார் படுத்தாலும், ராத்திரி ஆள் மாறினாலும், ஆஃப் பட்டன் எது என்று அவர்களுக்குத் தொட்டுக் காட்டிவிட்டுப் போங்கள்.

பல்லாவரம் தம்பி

சிஸ்டர் எழுதியதைப் படித்த பிறகு எங்கள் மாமாவுக்கு ஏன் நாள் முழுக்க மெஷின் கத்திக்கொண்டே இருந்தது என்று புரிகிறது. காது மடிப்பு. யாரும் பேஸ்ட் எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் மெஷினே இல்லாமல் சுவரில் இருக்கும் சக்ஷனை வைத்துச் செய்கிறார்களே, அது போதாதா? பிறகு எதற்கு இவ்வளவு செலவு?

தலைகழுத்து சர்ஜன்

நியாயமான கேள்வி. நான் படித்ததே அரசு மருத்துவமனையில்தான். ஸ்டெரிலைஸ் செய்த ஸ்பாஞ்ச், அதற்குள் பக்கத் துளைகள் வெட்டிய ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே உணவு கொடுக்கும் டியூப்), மேலே அறுவைக் கூடத்தில் பயன்படும் ஒட்டுத் தாள், மறுமுனையில் சுவர் சக்ஷன். கால், தொடை, முதுகுப் புண்களில் இப்படிச் செய்து எத்தனையோ பேருக்குத் தோல் ஒட்டியிருக்கிறோம். கையில் காசில்லாத நோயாளிக்கு அது பெரிய உதவி. அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உச்சந்தலைக்கும் அது போதும் என்பேன்.

கழுத்துக்கு மட்டும் வேண்டாம். சுவர் சக்ஷனில் ரெகுலேட்டர் சரியாக இல்லாவிட்டால் அழுத்தம் நமக்கு வேண்டியதைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு ஏறிவிடும், ஏறியது யாருக்கும் தெரியாது. காற்றுக் கசிந்தாலோ டியூப் அடைத்தாலோ கத்தாது. ஜாடி பெரியது என்பதால் ரத்தம் வந்தாலும் நிறையப் போன பிறகுதான் கண்ணில் படும். மெஷினில் கேனிஸ்டர் சின்னது, நிறைந்ததும் தானே நின்று அலாரம் அடிக்கும். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்தக் கண்காணிப்புக்குத்தான். நாணயம் அளவுப் புண்ணுக்கு அந்தக் கண்காணிப்பு தேவையில்லை, உங்கள் மாமா விஷயத்தில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

அண்ணா நகர் கணக்கர்

பில் பக்கம் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு வரி. வேக் செலவு மூன்று தலைப்பில் வரும்: மெஷின் நாள் வாடகை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஸ்பாஞ்ச் செட், கேனிஸ்டர். சாதாரணமாக 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஆகவே, "எத்தனை மாற்றம் எதிர்பார்க்கிறீர்கள், அதற்குப் பிறகு திட்டம் என்ன?" என்று ஆரம்பத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். புண்ணுக்கு ஒரு நடுத்தர செட் போதும் என்கிற இடத்தில் பெரிய செட் பிரித்து மிச்சத்தைக் குப்பையில் போடுவதும் நடக்கிறது, அளவைக் கேட்பதில் தவறில்லை. தனியார் காப்பீட்டில் சில பொருள்களைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள், அதனால் முன் அனுமதி கேட்கும் கடிதத்திலேயே வேக் என்று குறிப்பிட்டு, ஏன் தேவை என்று டாக்டர் கையெழுத்தோடு எழுதச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில், உங்கள் சிகிச்சைத் தொகுப்புக்குள் இது அடங்குமா என்று மெஷின் மாட்டும் முன்பே கேளுங்கள். மாட்டிய பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

உணவியல் மாணவி

சின்ன இடைச்செருகல். எந்த டிரெஸ்ஸிங் போட்டாலும் உடம்பில் புரதம் இல்லாவிட்டால் சதை வளராது. வேக் வழியாக வெளியேறும் நீரிலும் புரதம் போகிறது. மூக்கு டியூப்பில் வெறும் கஞ்சித் தண்ணியும் இளநீரும் ஜூஸும் மட்டும் போகிறதா என்று பாருங்கள். நிறைய வீடுகளில் பாசத்தோடு அதைத்தான் கொடுக்கிறார்கள். நன்றாக வேகவைத்த முட்டை வெள்ளையை மிக்ஸியில் அடித்து, பாசிப்பருப்பை மைய வேகவைத்து வடிகட்டி, தயிரை மோராக இல்லாமல் கெட்டியாகக் கரைத்து, பால் பவுடர் சேர்த்து என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். எவ்வளவு, எத்தனை வேளை என்பதை டயட்டீஷியனிடம் கேளுங்கள். சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் பார்த்துத்தான் சொல்வார்கள்.

ராயபுரம் வாசி

என் தம்பிக்கு ஸ்பாஞ்ச் எடுக்கும்போது உயிர் போகிற வலி. கத்திவிடுவான். அதற்கு ஏதாவது செய்ய முடியுமா சிஸ்டர்? அக்காவின் அப்பாவுக்குக் கத்தக்கூடக் குரல் இல்லையே.

வார்டு சிஸ்டர்

நல்லதைக் கேட்டீர்கள் தம்பி. எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மருந்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாத்திரையை டியூப்பில் கரைத்துக் கொடுத்துவிட்டு உடனே பிரித்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மெஷினை நிறுத்தி, ஸ்பாஞ்சுக்குள் சலைன் விட்டு பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டால் சதையிலிருந்து தானே விடும். காய்ந்த ஸ்பாஞ்சை இழுத்தால் வளர்ந்த சதையும் கூடவே பிய்ந்து வரும், ரத்தமும் வரும். தாளைப் பிரிக்கும்போது மேலே தூக்கி இழுக்காமல், தோலோடு படிய நீட்டி இழுத்தால் கழன்றுவிடும், தோல் உரியாது. டாக்டரிடம் கேட்டு ஸ்பாஞ்சில் மரத்துப்போகும் மருந்து விடுவதும் உண்டு.

குரல் இல்லாதவர்களுக்கு நான் செய்வது: ஆரம்பிக்கும் முன்னாலேயே, "வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்" என்று சொல்லி, ஒருமுறை தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்திக் காட்டுவேன். ஒருமுறை நிறுத்திக் காட்டினால்தான் அடுத்த முறை பயமில்லாமல் கழுத்தைக் காட்டுவார்கள். அப்பா கட்டிலில் ஒரு ஸ்லேட்டும் கட்டி வையுங்கள்.

கொரட்டூர் மகள்

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். நீங்கள் சொல்லிக் கொடுத்த மூன்றையும் கேட்டேன். முதலில் ஆச்சரியமாகப் பார்த்தார், அப்புறம் உட்காரச் சொல்லிப் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். ஸ்கேனில் இடப்பக்கம் காரோட்டிட் மேல் மெல்லிய படலம்தான் இருக்கிறதாம், அதனால் இப்போது வேக் வேண்டாம் என்றார். மார்புச் சதையைத் தோலோடு எடுத்து, கழுத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து ஓட்டையையும் தமனியையும் சேர்த்து மூடப் போகிறார்கள். அது பிடித்த பிறகு ஓரத்தில் ஏதாவது ஆறாமல் இருந்தால் அங்கே மட்டும் குறைந்த அழுத்தத்தில் வேக் போடலாம் என்றார். பயாப்சியில் புற்று இல்லை. தைராய்டு ரொம்பக் குறைவாக இருக்கிறது, இன்றிலிருந்தே மாத்திரை. எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர், ஸ்லேட் வாங்கிவிட்டேன்.

தலைகழுத்து சர்ஜன்

சரியான முடிவு. மார்புச் சதை தன் ரத்தக் குழாயோடு வருவதால் கரண்ட் படாத புது ரத்த ஓட்டத்தையும் கொண்டுவரும். வலிமையான மூடியும் அதுதான். அறுவைக்குப் பிறகு அந்தப் பக்கம் கழுத்தில் இறுக்கமாக எந்தக் கயிறும் நாடாவும் கட்ட விடாதீர்கள். மூச்சுத் துளை டியூப்பின் நாடாவும் சதைக்கு வரும் ரத்தத்தை நசுக்கும். தையல் போட்டு நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

குரோம்பேட்டை இல்லம்

எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கேட்கிறேன். என் வீட்டுக்காரருக்கு நாக்கில் புற்று. அடுத்த வாரம் அறுவை. நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, முன்னங்கையிலிருந்து சதை எடுத்து வைப்பார்களாம். கையில் எடுத்த இடத்துக்குத் தொடைத் தோல் ஒட்டி அதன் மேல் வேக் போடுவோம் என்கிறார்கள். அவருக்கும் கழுத்தில் கரண்ட் வைக்கப் போகிறார்கள். மேலே சொன்ன ஆபத்து எல்லாம் இதற்கும் உண்டா?

தலைகழுத்து சர்ஜன்

இல்லை, கவலைப்படாதீர்கள். இங்கே வேக் போடுவது கையில், அதுவும் சதை வளர்ப்பதற்காக அல்ல. ஒட்டிய தோல் அசையாமல் அடியில் இருக்கும் தசையோடும் தசைநாண்களோடும் ஒட்டிப் படிந்திருக்க வேண்டும். அடியில் ரத்தமோ நீரோ தேங்கினால் தோல் கிளம்பிச் செத்துவிடும். முன்பு பஞ்சை உருட்டி வைத்துத் தையலால் இழுத்துக் கட்டுவோம். வேக் அதே அழுத்தத்தைக் கையின் மேடுபள்ளம் முழுவதும் சீராகக் கொடுக்கிறது, நீரையும் எடுத்துவிடுகிறது. சுமார் ஐந்து நாள் தொடாமல் விட்டுப் பிறகு பிரிப்போம். தோலுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் ஒட்டாத வலைத்துணி இருக்கும், அதனால் பிரிக்கும்போது வலியும் குறைவு. விரல்கள் சில்லென்று ஆனாலோ நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன்: எந்தக் கை என்று சொல்லியிருக்கிறார்களா? பொதுவாக எழுதாத கையைத் தேர்ந்தெடுப்போம். அறுவைக்கு முன்னால் அந்தக் கையில் யாரையும் ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஊசி போடவோ விடக் கூடாது. அந்தச் சதையோடு நாங்கள் எடுக்கும் சிரைகள் ஊசியால் கெட்டுப்போனால் நாக்கில் வைத்த சதை பிழைப்பதே சிரமமாகிவிடும்.

குரோம்பேட்டை இல்லம்

இடது கை என்றார்கள். இன்று காலை ஸ்கேனுக்கு மருந்து ஏற்ற இடது கையில்தான் ஊசி போட்டு வைத்திருக்கிறார்கள், இன்னும் எடுக்கவில்லை.

தலைகழுத்து சர்ஜன்

எந்த இடத்தில்? புறங்கையிலா, முன்னங்கையிலா?

குரோம்பேட்டை இல்லம்

புறங்கையில், கட்டை விரலுக்குப் பின்னால்.

தலைகழுத்து சர்ஜன்

அந்தச் சிரைதான் முன்னங்கைக்கு ஏறிப் போகிறது. இப்போதே எடுக்கச் சொல்லி வலது கைக்கு மாற்றுங்கள். உங்கள் சர்ஜனுக்கும் போன் போட்டு இப்படி ஊசி போட்டிருந்தது என்று சொல்லிவிடுங்கள், அவர் சிரையைப் பார்த்துத் தேவைப்பட்டால் வேறு இடத்திலிருந்து சதை எடுப்பதை யோசிப்பார்.

வார்டு சிஸ்டர்

எடுத்த பிறகு இடது முன்னங்கையில் மார்க்கரால், 'இந்தக் கையில் ஊசி வேண்டாம்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள் அம்மா. ராத்திரி ஷிப்டில் வருகிறவர்களுக்கு கேஸ் ஷீட்டைவிட அதுதான் முதலில் கண்ணில் படும்.

குரோம்பேட்டை இல்லம்

எடுத்துவிட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.